சட்டியின் இரண்டாவது வாய்

அந்தச் சட்டிகள் மலையேறி வந்த வருஷத்தில்தான் பன்னிரண்டாம் நம்பர் எஸ்டேட் லைனில் செத்துப்போனவர்களுக்கெல்லாம் ஸ்வெட்டர் கிடைத்தது. அதுவரைக்கும் அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை, ஒரு இலைச் சோறு, அவ்வளவுதான் யோகம். கோத்தகிரிக் குளிரில் அவர்கள் எப்படிக் கிடந்து நடுங்கினார்கள் என்று உயிரோடிருந்த ஒருத்தரும் யோசித்ததில்லை, யோசிக்க நேரமும் இல்லை, பகலெல்லாம் தேயிலை, வீடு வந்தால் உல்லன் பின்னல் என்று அந்த நாற்பது வீட்டுப் பெண்களின் விரல்கள் தூக்கத்திலும் கண்ணி போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

சிவபாக்கியம்தான் அந்த வீடுகளுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நின்றவள். எட்டு வயதில் ராமேஸ்வரத்தில் கப்பலிறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, வரிசையில் நிற்கிறவளுக்கு ஒன்றும் கிடைக்காது, முன்னால் போய்ச் சத்தம் போடுகிறவளுக்குத்தான் தட்டு நிறையும் என்பதை அங்கேயே படித்து முடித்தவள். அந்த ஒரு படிப்பை வைத்துக்கொண்டே எஸ்டேட் கிளார்க்கிடமும் பஸ் கண்டக்டரிடமும் ஆஸ்பத்திரி ஆயாவிடமும் கோயில் பூசாரியிடமும் பேரம் பேசி, நடுவில் நின்று தின்றுகொண்டிருந்த தரகனை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் செருப்பைக் காட்டித் துரத்திவிட்டு, குன்னூர்க் கடைக்கார அம்மாவிடம் நேராகப் போய் ஸ்வெட்டர் ஆர்டர் பிடித்துவந்தவள். கொசுறு வாங்காமல் அவள் எந்தக் கடைப் படியும் இறங்கியதில்லை.

அந்தக் கடைக்கார அம்மாதான் ஒருநாள் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மண்கிண்ணம் ஒன்று. விளிம்பிலிருந்து கீழே இறங்கிய ஒரு வெட்டு, காது மடல் மாதிரி உள்ளே சுழிந்து நின்றது. உல்லன் உருண்டை கிண்ணத்துக்குள் கிடக்கும், நூல் மட்டும் அந்தச் சுழி வழியாக வெளியே வரும், உருண்டை தரையெல்லாம் ஓடாது, பூனை இழுக்காது, வெளிநாட்டுக்காரிகள் இப்படித்தான் வைத்துப் பின்னுகிறார்கள், வருகிற டூரிஸ்டுகள் கேட்கிறார்கள் என்றார். "இந்த மாதிரி நாப்பது செஞ்சு தர ஆள் இருக்கா பாக்கியம்?"

"ஆள் இல்லாட்டி நானே மண்ணு மிதிச்சுச் செய்வேன்" என்று சொல்லிவிட்டு, காரமடைப் பக்கம் வெள்ளிங்கிரி உடையாரின் பானைச் சூளைக்கு இறங்கினாள் பாக்கியம்.

உடையார் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "சட்டிக்கு வாய் ஒண்ணுதானுங்க அம்மிணி. ரெண்டாவது வாய் சுடுகாட்டுல வெக்கறது. தோள்ல குடத்தத் தூக்கிச் சுத்தி வர்றப்ப பின்னாடி வர்றவன் அருவாளால கொத்துவான் பாருங்க, அது. பச்சை மண்ணுல, என் கையால, அத நான் வெக்க மாட்டனுங்க."

"உடையாரே, நான் என்ன தண்ணியா ஊத்தப் போறேன்? நூலு. வெள்ளைக்காரிக்குச் சுடுகாடும் தெரியாது, குடமும் தெரியாது."

"அவிங்களுக்குத் தெரியாதுங்க. மண்ணுக்குத் தெரியுமுங்க."

"மண்ணுக்குத் தெரிஞ்சா மண்ணு வந்து பேசட்டும். நீங்க எப்பத் தருவீங்க, அதப் பேசுங்க."

அரை நாள் பேசினாள். உடையார் வீட்டுத் திண்பண்டத்தைத் தின்றுகொண்டே பேசினாள், உடையார் மனைவியின் முழங்கால் வலிக்குத் தைலம் சொல்லிக்கொண்டே பேசினாள், கோபித்துக்கொண்டு எழுந்து போய்ப் பாதி வழியில் திரும்பி வந்து பேசினாள், கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சம்மதித்தார். ஒரே ஒரு சொல்தான் கேட்டார்: சட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

அதையும் அவள் ஒத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து வைக்கோல் அடுக்கிய ஜீப்பில் நாற்பது சட்டியையும் ஏற்றிவிட்டு, முன் சீட்டில் ஏறி, வண்டி நகர்ந்து வேலி தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது. தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "உடையாரே, நாப்பது வாங்கியிருக்கேன், கொசுறு எங்க?"

அவர் உள்ளே போய் இன்னொரு சட்டியை எடுத்துவந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, அவள் மடியில் வைத்தார்.

அவள் திரும்பிப் பார்த்ததால்தான் பிறகு எல்லாம் நடந்ததா, இல்லை மண்ணாலா, இல்லை நூலாலா என்று லைனில் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை. கடைக்கார அம்மா சட்டிகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சுழியே இல்லை, நேராக இறங்கிய வெட்டு, "அரிவாள் பட்ட மாதிரி இருக்கே, இத யார் வாங்குவா" என்று நாற்பதையும் திருப்பிவிட்டார். பாக்கியம் பேசிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், பிறகு சட்டிகளை லைனுக்குக் கொண்டுபோய் வீட்டுக்கு ஒன்றாக இறக்கினாள். கொசுறாக வந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கனகு ஒரு ஸ்வெட்டரோடு வந்தாள். முப்பத்தெட்டு இஞ்ச் ஆர்டர். கண்ணியெல்லாம் எண்ணித்தான் போட்டிருந்தாள், வரிசையெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் விரித்தால் வயிற்றுப் பக்கம் பூசணிக்காய் மாதிரி பெருத்து, தோள் பக்கம் சுருங்கிக் கிடந்தது. "என்னடி இது, யானைக்குட்டிக்கா பின்னின?" என்று பாக்கியம் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டுப் பிரிக்கச் சொன்னாள். பிரித்துப் பின்னியதும் அதே வயிறு, அதே தோள். மறுபடி பிரிக்கப் போகும்போது கனகுவின் மாமியார் வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது எங்க ஆளு அளவாச்சே" என்றாள்.

மாமியாரின் புருஷன் மகோதரம் கண்டு வயிறு வீங்கிச் செத்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. கிழவி அதை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "மஞ்சக் கலர் அவருக்கு ஆகாது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மருமகளைத் திட்டிக்கொண்டே போனாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குப்பின் வீடு வீடாக வந்தது. சட்டிக்குள் உருண்டையைப் போட்டு அந்த வெட்டு வழியாக நூலை இழுத்தால், கையில் என்ன அளவு எண்ணினாலும், வருவது அந்த வீட்டில் செத்தவர்களின் அளவாகத்தான் வந்தது. அதுவும் செத்த வரிசைப்படி, முதலில் செத்தவர் முதலில், பிறகு அடுத்தவர் என்று, ரேஷன் கடை வரிசைகூட அத்தனை ஒழுங்காக நின்றதில்லை. எல்லோருக்கும் ஆளுக்கொன்று பின்னி முடித்துவிட்டால் சட்டி சாதாரணச் சட்டியாகிவிடும், முப்பத்தெட்டு போட்டால் முப்பத்தெட்டு வரும். லைன் இதற்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது. குழாயடியில் "சோறாக்கியாச்சா?" என்று கேட்கிற மாதிரி "உங்க வீட்ல முடிஞ்சாச்சா, இன்னும் ஆளு இருக்கா?" என்று கேட்டார்கள். "எங்க வீட்ல காலராவுல ஒரே வருஷம் ஏழு பேருடியம்மா, பொங்கல் வரைக்கும் இழுக்கும்" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள். வேலைக்காகாத கொழுந்தனுக்கு எதற்கு நல்ல நூல் என்று சாயம் போன நூலில் ஒருத்தி பின்னினாள். பின்னியதையெல்லாம் வெள்ளிக்கிழமை வெயிலில் கொடியில் காயப்போட்டார்கள். பெரிசும் சிறிசுமாகக் காலிக் கைகளை ஆட்டிக்கொண்டு ஒரு கூட்டமே லைன் முன்னால் நின்ற மாதிரி இருக்கும், பஸ்காரன் நிறுத்தி ஹாரன் அடிப்பான்.

விதவைப் பென்ஷனுக்கு ஆறு வருஷமாக அலைந்த ஒருத்தி, புருஷன் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனாள். அவர் டேப் வைத்து அளந்து பார்த்தார், நன்றாகத்தான் பின்னியிருக்கிறது என்றார், சீல் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். மாரியாயி வீட்டில், எல்லோரும் முடிந்தது என்று நினைத்த பிறகு, உள்ளங்கை அளவில் ஒன்று வந்தது. அவளுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வருஷத்துக் கதை அது என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்தது. மாரியாயி அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கடைக்கார அம்மா போன் போட்டுக் கத்தினார். "சீசன் வந்துருச்சு, சரக்கு எங்க பாக்கியம்?"

"சாவு முடியட்டும்மா. சரக்கு வரும்."

"இன்னும் எத்தன சாவு?"

"அது எங்க கையிலயா இருக்கு?" என்று போனை வைத்தாள். எல்லா வீட்டுக்காரிகளையும் போய் விரட்டினாள், சீக்கிரம் முடிங்கடி, செத்தவங்களுக்கு என்ன அவசரம், ஆனா எனக்கு அவசரம் என்று. தன் வீட்டுச் சட்டியை மட்டும் அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதை அவள் தொடவே இல்லை.

ஏன் தொடவில்லை என்று லைனுக்குத் தெரியும். அவளுக்கு ஒரே மகன், தவச்செல்வன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவனுக்குப் பத்தொன்பது முடிந்து இருபது நடந்த வைகாசியில், அவன் ஆசைப்பட்ட பெண்ணைக் கேட்டுக் கூடலூருக்குப் போனார்கள். போன இடத்தில் பாக்கியம் தன் குணத்தைக் காட்டினாள். பந்திச் செலவு யாருடையது, கம்மல் எத்தனை கல், பெண்ணுக்குக் கொஞ்சம் காது மந்தமாமே, அதற்கு என்ன சேர்த்துச் செய்வீர்கள் என்று, கத்தரிக்காய்க்குப் பேசுகிற மாதிரி அவள் பேசப் பேச, பெண் வீட்டார் காப்பி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு அது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது. மறுநாள் காலை தவம் வீட்டில் இல்லை. ஒரு காகிதம்கூட வைக்கவில்லை.

அப்புறம் அவன் அப்பா சடையன் படுத்தார், எட்டு வருஷம் "தவம் வந்துட்டானா" என்று கேட்டார், போய்ச் சேர்ந்தார். கொழுந்தன் மகன் கொள்ளி வைத்தான். வெளியில் யாராவது கேட்டால் பாக்கியம் "பம்பாய்ல இருக்கான், லீவு கிடைக்கல" என்று ஒரே அடியாக அடித்துவிடுவாள். உள்ளே அவளுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை அவள் சாமியிடம்கூடச் சொன்னதில்லை. சட்டியை நிமிர்த்தினால் அது வெளியே வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினாவுக்கு அப்படி ஆனது. அவள் புருஷன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவன். மாமனார் மாமியாருக்குப் பின்னி முடித்துவிட்டு, இனி ஆர்டர்தான் என்று முப்பத்தெட்டு போட்டவளுக்குக் கழுத்து நீண்டு, மார்பு ஒடுங்கி, புருஷனின் அச்சாக ஒன்று வந்தது. பிரித்தாள். மறுபடி வந்தது. மூன்று நாள் பிரித்துப் பிரித்துப் பின்னினாள். நாலாம் நாள் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து ரெஜினா பாக்கியத்தின் வீட்டுக்கு வந்து, கவிழ்த்திருந்த சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், அடிக்க வராதீங்க அக்கா. போன் வர்ற வரைக்கும் நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன், ஸ்வெட்டர நம்பாம. தெரியாம இருந்ததுல எனக்கு ஒரு லாபம் இருந்துச்சு. உங்களுக்கு என்ன லாபம்?"

பாக்கியத்துக்கு மூக்கு நுனி சிவந்தது. "எந்திரிச்சுப் போடி."

"போறேன். பன்னெண்டு வருஷமா நீங்க சிரிச்சு நான் பார்த்ததில்ல. அதுக்குத்தான் கேட்டேன்."

ரெஜினா போன பிறகு பாக்கியம் சட்டியை நிமிர்த்தித் துடைத்தாள். சாம்பல் நிற உருண்டை ஒன்றை உள்ளே போட்டாள்.

செய்தி குழாயடிக்குப் போய்ச் சேர அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் பெண்கள் ஆளுக்கொரு உருண்டையோடு அவள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எதையும் கேட்கவில்லை, பின்னினார்கள். முதலில் வந்தது அகலத் தோள், கண்டி மலையில் கங்காணியோடு மல்லுக்கட்டிச் செத்த அவள் அப்பன். அடுத்தது முகாமில் பேதி கண்டு போன தங்கச்சிப் பாப்பா, விரல் நுழையாத கை. அதற்கடுத்தது கூன் விழுந்த அம்மா. அம்மாவுடையதைப் போர்த்துகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டே பாக்கியம் அடுத்ததுக்குக் கண்ணி போட்டாள், அப்போதுதான் வாசலில் இருந்தவர்கள் வரிசையை எண்ண ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு அப்புறம் அந்த வீட்டில் தெரிந்து செத்தது சடையன் ஒருவர்தான். அவருக்கு முன்னால் தவம் செத்திருந்தால் தவம்தான் வர வேண்டும்.

சடையன் வந்தார். குட்டை உடம்பு, ஒரு பக்கம் சாய்ந்த தோள்.

"சாமி! அப்படின்னா அவுங்கப்பா சாகறப்ப புள்ள உசுரோடதான்க்கா இருந்திருக்கு" என்றாள் கனகு. நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

பாக்கியம் தலையை நிமிர்த்தவில்லை. சடையன் செத்த வாரத்தில், திருப்பூரில் வேலை செய்த லைன் ஆட்கள் இரண்டு பேர் வந்து சொன்னதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் தவத்தைப் பார்த்தோம், "உங்கப்பா தவறிட்டாரு, இன்னிக்கே எடுக்கறாங்க, இப்பக் கிளம்பினா முகம் பார்க்கலாம்" என்றோம், அவன் எங்களைப் பார்த்துவிட்டு "ஆள் மாறிப் பேசறீங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான் என்றார்கள். குடித்துவிட்டு வந்து உளறுகிறீர்களா என்று அவர்களை அவள் விளக்குமாற்றால் விரட்டினாள். அது தவம் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தவமாக இருந்திருந்தால் வந்திருப்பான். வரவில்லை என்றால் அவன் வருகிற நிலையில் இல்லை, மண்ணுக்கடியில் இருக்கிறவனால் எழுந்து வர முடியாது. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு நாளும் அடுப்புப் பற்றவைத்தாள்.

மறுநாள் கடைசியை ஆரம்பித்தாள், சடையனுக்குப் பின்னால் தவம் செத்திருந்தால் இதில்தான் வர வேண்டும். முப்பத்தெட்டு இஞ்ச், ஆர்டர் அளவு. உடம்புப் பகுதியை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, தவத்துக்கும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். கையில்தான் தெரியும். பத்து வயதில் ப்ளம்ஸ் மரத்திலிருந்து விழுந்து அவனுக்கு இடது கை முறிந்தது, குன்னூருக்குத் தூக்கிப்போகாமல் கட்டுப்போடுகிற ஆளிடம் பேசி முடித்தவள் அவள்தான், அந்தக் கை கடைசிவரைக்கும் இரண்டு விரற்கடை குட்டையாகவே நின்றுவிட்டது. சட்டை எடுத்தால் ஒரு கையை மடித்துத் தைக்க வேண்டும். வலது கையை முடித்தாள். இடது கையை ஆரம்பித்தாள். நூல் அந்த வெட்டு வழியாகச் சரசரவென்று வந்துகொண்டிருந்தது, உருண்டை சட்டிக்குள் தட்டித் தட்டிச் சுழன்றது, வாசலில் இருந்த முப்பது பெண்களில் ஒருத்திகூடத் தன் நூலை இழுக்கவில்லை. முழங்கை தாண்டியது. குறைப்பதானால் இங்கே குறைய வேண்டும். குறையவில்லை. மணிக்கட்டுக்கு வந்து, பட்டி கட்டி, கடைசிக் கண்ணியை இறக்கி, நூலைப் பல்லால் கடித்தாள்.

ரெஜினாதான் எடுத்தாள். நடுவில் மடித்து, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழே இழுத்துவிட்டாள். விளிம்போடு விளிம்பு நின்றது.

"சமம்" என்றாள். "அக்கா, சமம்! ஆர்டர் அளவுதான்! இருக்கான்!"

மாரியாயி குலவை போட்டாள். கனகு ஓடிப்போய்க் கருப்பட்டிக் காப்பி வைத்துக் குண்டாவோடு தூக்கி வந்தாள். இருக்கான், இருக்கான் என்று லைன் முழுக்க ஒரு குரல் ஓடியது, பஸ்காரனுக்குக்கூடச் சொல்லி அனுப்பினார்கள். "இனிமேலாவது அந்த மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வச்சுக்கங்க" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். பாக்கியம் காப்பியை வாங்கிக் குடித்தாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் குடித்தாள். அவர்கள் கலைந்துபோன பிறகு உள்ளே வந்து, சுவரில் தொங்கிய சடையன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவருடைய ஸ்வெட்டரை அந்த ஆணியிலேயே மாட்டினாள்.

லைன் பழையபடி ஆனது. எல்லா வீட்டிலும் ஆள் முடிந்து, சட்டிகள் சாதாரணச் சட்டிகளாகி, சீசனுக்குச் சரக்கு போனது. பாக்கியமும் மற்றவர்களோடு சேர்ந்து பின்ன ஆரம்பித்தாள், வாரத்துக்கு மூன்று, சில வாரம் நான்கு. ஒன்று முடிந்ததும் நடுவில் மடித்துக் கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பாள், பிறகு பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்ததுக்குக் கண்ணி போடுவாள். கடைக்கார அம்மா, பாக்கியம் பின்னினால் ஒரு பழுது சொல்ல முடியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ரெஜினா அவள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதான் தெரிஞ்சு போச்சேக்கா. இன்னும் எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் கைய அளக்கறீங்க? குட்டையா வந்துரும்னு பயமா?"

பாக்கியம் இடது கையை மணிக்கட்டுவரை நீவிவிட்டாள்.

"குட்டையா வந்தா, அவன் வராததுக்கு ஒரு காரணம் இருக்குமில்லடி" என்றாள்.

ஓட்டு மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாக்கியம் அந்த ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு, புது உருண்டை ஒன்றைச் சட்டிக்குள் போட்டு, நுனியைத் தேடி எடுத்து, அந்த வெட்டுக்குள் நுழைத்தாள்.